கமறாத மிளகாய்

உறைக்காத மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்பத் தயாராக இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதைக் கடதாசிப் பையில் போட்டு வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மெக்சிக்கன் உணவகம் ஒன்றில் சமையல்காரர். முதலாளி பிரெஞ்சுக்காரர், சாப்பிட வருகிறவர்களும் பிரெஞ்சுக்காரர், சுவரில் தொங்குகிற பெரிய தொப்பிகள் மட்டும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவை. குசினியில் நிற்பது முழுக்க எங்கள் ஈழத்து ஆட்கள். பாரிஸில் இது ஒரு புதினமே இல்லை.

பையை மேசையில் கவிழ்த்தார். இரண்டு வகை இருந்தன. ஒன்று உள்ளங்கை அகலம், சுருங்கிப்போய், பழைய செருப்புத் தோல் மாதிரிக் கறுப்பு. அதற்கு ஆஞ்சோ என்று பெயராம். மற்றது நீளம், மினுமினுப்பான கருஞ்சிவப்பு, செத்தல் எனப்படும் எங்கள் வற்றல் மிளகாய்க்குப் பணக்காரத் தம்பி என்று சொல்லலாம். அதன் பெயர் குவாஹீயோ. அக்கா நீளமானதை எடுத்து மோந்து பார்த்தாள். காய்ந்த திராட்சை மணக்குது என்றாள். பிறகு நுனியைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, உறைப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இது மிளகாயோ, இல்லாட்டில் மிளகாயின்ர படமோ?" என்றாள்.

அத்தான் தன் தொழிலுக்காக வாதாடினார். வெறும் தாய்ச்சிச் சட்டியில் ஒரு சூடு காட்டி, சுடுதண்ணியில் ஊறவைத்து அரைக்கவேணும், தீயவிட்டால் கைக்கும், இதிலே உறைப்பு முக்கியமில்லை, வாசம்தான் முக்கியம் என்றெல்லாம் விளக்கினார். அக்கா கேட்கிற ஆள் இல்லை. அதைப் பகிடி பண்ணுவதற்காகவே அன்றைக்கு அந்த மிளகாயில் ஒரு கோழிக்கறி வைத்தாள். கறி கலியாண வீட்டுச் சிவப்பில் கொதித்தது. வாயில் வைத்தால் ஒன்றும் இல்லை. "விருந்தாளியளுக்குத் தூரத்தில வைச்சுக் காட்டலாம்" என்று சொல்லிவிட்டு, அத்தானை இருத்தி, முழுச் சட்டியையும் அவரையே சாப்பிட வைத்தாள். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து எழும்பிப் போனேன். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிறுதான். அகப்பையோடு நிற்கிறாள், இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்குகிறது, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

இப்போது அவள் இல்லை. அவள் போனதைப் பற்றி எழுதுவதை விட, போவதற்கு முன்னால் அவளுக்கும் எனக்கும் நடுவில் இந்த உறைக்காத மிளகாய் வந்து நின்றதைப் பற்றி எழுதத்தான் எனக்கு மனம் வருகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் லா சப்பலில் சேலைக்கடைக்குப் பின்பக்கம் இருக்கிற ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுப்பது, தலைக்கு மை பூசுவது, கலியாணப் பொம்பிளைக்குச் சேலை கட்டி, சோடித்து வெளிக்கிடுத்துவது. நாள் முழுக்க மற்றவர்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்கிற மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறையில் இருக்கிறேன். பிள்ளை இல்லை. கட்டினவர் போன இடம் தெரியும், விசாரிப்பதில்லை. அக்கா நகரத்துக்கு வெளியே லா கூர்னெவில் மூன்றாம் மாடியில் இருந்தாள். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் அவள்தான், விட்டுப் போனவரை ஏசி அனுப்பியதும் அவள்தான். ஞாயிறு என்றால் எனக்கு அவளுடைய வீடு. அவளுடைய மகன் வேலைக்கு வேறு ஊருக்குப் போன பிறகு, அந்த வீட்டில் என்னுடைய செருப்புத்தான் அடிக்கடி கிடந்தது.

அக்காவுக்கு வந்த நோய், எங்கள் பேச்சில் வருத்தம், இருமலில் தொடங்கியது. அக்கா அலுவலகங்களில் மெனாஜ் வேலை, அதாவது துப்புரவு வேலை. தரை கழுவுகிற மருந்துத் தண்ணி ஒத்துவரவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் கட்டி என்றார்கள். "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று டொக்டர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்காவுக்குக் கட்டியைக் கேட்டு வராத கோபம் அதைக் கேட்டு வந்தது. "என்னைப் பாத்தால் சிகரெட் பிடிக்கிறவள் மாதிரியோ கிடக்கு எண்டு கேளடி அவரை!" என்றாள். நான் டொக்டரிடம், இல்லை என்கிறா என்று மட்டும் சொன்னேன்.

கீமோ தொடங்கியதும் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பார்லரிலிருந்து மெஷினைக் கொண்டுபோய் நானே மொட்டை அடித்துவிட்டேன். அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. மடியில் விழுந்த மயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னாள்: "இது வருத்தமில்லையடி. ஆரோ கண் வைச்சிருக்கினம்."

அதே கட்டடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் மாமி. நாவூறு கழிப்பதில் கெட்டிக்காரி. தமிழ்நாட்டுக்காரர் திருஷ்டி கழிப்பது என்பார்களே, அதுதான் எங்களுக்கு நாவூறு. செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி, ஆளைச் சுற்றி, துப்பச் சொல்லி, நெருப்பில் போடுவார்கள். போட்ட மிளகாய் கமறினால், அதாவது அந்த நெடியில் மூக்கும் தொண்டையும் எரிந்து எல்லோரும் இருமினால், ஆளுக்கு நாவூறு இல்லை. மிளகாய் எரிந்தும் கமறாவிட்டால், நாவூறு இருந்தது, இப்போது எரிந்து போயிற்று. இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. எங்களில் படித்தவர், படியாதவர், கொம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிறவர் எல்லோருக்கும் இது தெரியும்.

மாமி வந்தா. பழைய கேக் தட்டில் கரியைப் பற்றவைத்து, ஒரு கைப்பிடி செத்தலைக் குசினிக்குள்ளேயே போட்டா. யன்னல் பூட்டியிருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வீடு முழுக்க நெடி. முகட்டில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. எல்லோரும் இருமினோம். நாங்கள் இருமி முடித்தோம், அக்கா முடிக்கவில்லை. அவளுக்கு மூச்சு உள்ளே போகவே இல்லை. உதடு நீலமாகிவிட்டது. பொம்பியே வந்தார்கள், தீயணைக்கிறவர்களும் அவர்களே, ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறவர்களும் அவர்களே. முகமூடி போட்டுக்கொண்டு, என்ன வாயு இது என்று கேட்டார்கள். மிளகாய் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படியில் அக்காவை இறக்கிக்கொண்டு போகிறபோது மாமி இருமிக்கொண்டே என் காதில் சொன்னா: "கமறுது பிள்ளை. அப்ப நாவூறு ஒண்டுமில்லை. நல்லதுதானே?"

நல்லது. அந்தத் தீர்ப்பை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். சரியான செத்தல், சரியான நெடி, ஒருவருடைய கண்ணும் அவளில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த வீட்டில் இனிப் புகை கூடாது. சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடாது, கருகின எண்ணெய் கூடக் கூடாது. ஆனால் அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, திரும்பவும் நாவூறு கழிக்கவேணும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதுதான் ஒன்றும் இல்லையென்று தெரிந்துவிட்டதே அக்கா என்றேன்.

"நாவூறு இல்லையெண்டால் பின்னை இது என்ன?" என்று கேட்டாள்.

நாவூறு என்றால் கழிக்கலாம். நாவூறு இல்லையென்றால் மிச்சம் இருப்பது டொக்டர் சொன்ன கட்டி. அதைக் கழிக்க யாருக்கும் தெரியவில்லை.

அத்தானுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவரே நாவூறு கழிக்கத் தொடங்கினார். பால்கனியில் கேக் தட்டை வைத்து, சாம்பிராணிக்கு விற்கிற கரித்துண்டைப் பற்றவைத்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்துவிடுவார். அக்கா கம்பளித் தொப்பியோடு கதவடியில் கதிரை போட்டு இருப்பாள். அத்தான் கையைப் பொத்திக்கொண்டு சுற்றுவார். மாமியை இனி மேலே ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமிக்கு அது நோகத்தான் செய்தது, ஆனாலும் டெலிபோனில் விசாரித்துக்கொண்டுதான் இருந்தா.

முதல் செவ்வாயன்று நான் பார்லரில் நின்றேன். அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவளுடைய குரலில் பழைய துள்ளல் இருந்தது. "எடியே, ஒரு கமறல் இல்லை! செத்தல் எரிஞ்சு கரியாப் போச்சு, எனக்கு ஒரு தும்மல் கூட வரேல்லை. அவ்வளவு கண்ணடி எனக்கு!" என்றாள். நூல் கடித்த வாயோடு நானும் சிரித்தேன். அன்றைக்கு இரவு அவள் இரண்டு இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக அத்தான் சொன்னார். அடுத்த செவ்வாயும் கமறவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அக்கா எழும்பி நடந்தாள். கட்டிலில் இருந்தபடி வெங்காயம் உரித்துத் தந்தாள். வெயில் வந்ததும் ஒரு புதுச் சேலை எடுக்கவேணும், லா சப்பலுக்கு வருவன் என்றாள். முன்பு ஏன் கமறியது, இப்போது ஏன் கமறவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. நல்லது நடக்கிறபோது யார் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள்?

ஆனால் இத்தனை செவ்வாய் எரித்தும் நாவூறு தீரவில்லையே என்று மாமி யோசித்திருக்கிறா. டெலிபோனில் சொல்லியிருக்கிறா: "வெளியாரின்ர கண் எண்டால் ஒருக்கா எரிச்சால் போயிடும். இது திரும்பத் திரும்ப வருகுது. வீட்டுக்குள்ள வந்து போற கண்."

வீட்டுக்குள் வந்து போகிற கண் என்னுடையதுதான்.

எனக்கு இது முதலில் ஒருவரும் சொல்லித் தெரியவரவில்லை. அக்கா கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். நான் உள்ளே வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுப்பாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை மூடிவிடுவாள். காலுக்கு எண்ணெய் தேய்க்கப் போனால், "வேண்டாம், அத்தான் தேய்ப்பார்" என்பாள். ஒருநாள் தொப்பியைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். "அங்காலை பார்!" என்று கத்தினாள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் பயம், திரும்பாமல் நிற்கவும் ஏலவில்லை.

அதன் பிறகு அத்தான் டெலிபோன் எடுத்து, "கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம், அவவுக்குக் களைப்பு" என்றார். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. என்ன விசயம் என்று உலுக்கினேன். சொல்லிவிட்டார். வருத்தம் வருவதற்கு முந்திய வருசம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு மண்டபத்தில், நூறு சனத்துக்கு நடுவில், அக்காவின் பின்னலைத் தூக்கிப் பிடித்து நான் சொன்னேனாம்: "இந்த வயசிலயும் இவவின்ர தலைமயிரைப் பாருங்கோ, எனக்கு எலிவால் மாதிரிக் கிடக்கு." சொன்னேன்தான். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்லுவேன். அது எங்கள் வழக்கமான பகிடி. அவளும் பதிலுக்கு என் மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். இப்போது அது சாட்சியாகிவிட்டது. பிள்ளை இல்லாதவள், புருசன் இல்லாதவள், எலிவால்காரி, நாள் முழுக்க ஊர்ப் பெண்களின் முகத்தை உற்றுப் பார்க்கிறவள். நாவூறுக்கு இதைவிடப் பொருத்தமான கண் எங்கே கிடைக்கும்?

எனக்குக் கோபம் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கிறவளில் கோபப்படக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மெட்ரோவில் இருந்துகொண்டு அவளோடு மனசுக்குள் சண்டை பிடித்தேன். பார்லர்க் கண்ணாடியில் என் கண் தெரிந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். ஒரு பெண்ணின் புருவத்தைப் பார்த்து, வடிவாய் இருக்குது என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ஒரு மாலை அத்தான் பார்லர் வாசலில் நின்றார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். அவருடைய ஜக்கெட்டில் வறுத்த மிளகாயின் வாசம் இருந்தது. கமறாத, இனிப்பான, காய்ந்த திராட்சை மாதிரியான வாசம். அவர் வாய் திறக்கும் முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

"அத்தான், என்ன மிளகாய் எரிக்கிறியள்?"

அவர் பிளேன் ரீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். "குவாஹீயோ" என்றார். "சின்னதாப் பாத்துப் பொறுக்கி, வயித்தைக் கீறி, விதையும் நரம்பும் எடுத்துப்போட்டுக் கொண்டு வாறனான். கைக்குள்ள பொத்தினால் செத்தல் மாதிரித்தான் கிடக்கும். வேற என்ன செய்ய? செத்தல் எரிச்சால் அண்டைக்கே போயிடுவா. எரியாட்டில் நித்திரை கொள்ளமாட்டன் எண்டு நிக்கிறா. புகை வந்தால் காணும், நெடி வராமல் இருந்தால் காணும் எண்டு நினைச்சன். கமறாட்டில் நாவூறு எண்டு வரும் எண்டு எனக்கு அப்ப ஓடேல்லை. உம்மில வந்து நிக்கும் எண்டு கனவிலயும் நினைக்கேல்லை."

நான் குரலை உயர்த்திவிட்டேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அப்ப போய்ச் சொல்லுங்கோ! மெக்சிக்கோ மிளகாய், அது எவனுக்கும் கமறாது எண்டு சொல்லுங்கோ. அண்டைக்குக் கறி வைச்சவதானே, அவவுக்கே தெரியும்."

"சொன்னால் நீர் குற்றமில்லை எண்டு தெரியும்" என்றார். "நாவூறும் இல்லை எண்டும் தெரியும்."

முந்தின கிழமைதான் ஆஸ்பத்திரியில் அவரைத் தனியே கூப்பிட்டு, இனி மருந்தால் பயன் இல்லை, வலி தெரியாமல் வைத்திருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. கீமோ நிற்பாட்டியதை, உடம்பு தேறுது, அதனால்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக் கேக் தட்டைத் தவிர அவளிடம் இப்போது வேறு வைத்தியம் இல்லை.

"எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை" என்றார் அத்தான். "நீர் சொல்லுறதெண்டால் சொல்லும். நான் மறிக்கேல்லை. உமக்கு உரிமை இருக்கு."

அத்தான் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பாரத்தை இப்படித்தான் அடுத்தவர் மடியில் இறக்கி வைக்கிறார்கள்.

சொல்வது என்றுதான் முடிவெடுத்தேன். அடுத்த செவ்வாய் வேலைக்கு லீவு சொல்லி, கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் எடுத்து லா கூர்னெவுக்குப் போனேன். வழி முழுக்க வசனத்தைப் பாடமாக்கினேன். அக்கா, அது செத்தல் இல்லை. அக்கா, என்ர கண்ணில ஒண்டுமில்லை. கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடிப் பால்கனியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீலக் கம்பளித் தொப்பி தெரிந்தது. அக்கா கதவு இடைவெளியில் முகத்தை முன்னுக்கு நீட்டி, புகையை வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தாள். இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள், முன்பு அந்த ஞாயிறு நாக்கில் உறைப்புக்குக் காத்திருந்த மாதிரியே. வரவில்லை. அத்தானைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நான் ஸ்டேஷனுக்கே திரும்பிவிட்டேன். மனம் பெரிது என்பதால் இல்லை. அந்தச் சிரிப்பை நிறுத்துகிற ஆள் நானாக இருக்க எனக்குத் துணிவு இல்லை.

அதன் பிறகு அவளுடைய உடம்பு கெதியாக இறங்கியது. அத்தான் டெலிபோனில் சொல்லுவார். எழும்ப ஏலவில்லை, சோறு இறங்கவில்லை, ஒக்சிசன் குழாய் வீட்டுக்கே வந்துவிட்டது. செவ்வாய் மட்டும் தவறவில்லை. நான் கூப்பிட்டால் அக்கா டெலிபோனை வாங்கமாட்டாள். குரலிலும் கண் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு ஒரு திங்கட்கிழமை அத்தான் என் அறைக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் கிடந்த என் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை. மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கண் என்று தெரிந்துவிட்டால், அந்த ஆளுடைய காலடி மண்ணை எடுத்துச் சேர்த்து எரித்தால் அடியோடு போய்விடும். அதை ஆளுக்குத் தெரியாமல் எடுக்கவேணும். அத்தானுக்கு அப்படிக் களவாக எடுக்கவும் வரவில்லை, கேட்கவும் வரவில்லை.

"எந்தக் கால் வேணுமாம்?" என்று கேட்டேன்.

அவர் அழத் தொடங்கினார். அவ்வளவு பெரிய மனிதர் என் வாசலில் நின்று அழுதது அதுதான் முதல்முறை. நான் அழவில்லை. இரண்டு சப்பாத்தையும் எடுத்து, மேசையில் ஒரு கடதாசி விரித்து, அடியோடு அடி தட்டினேன். ஸ்டாலின்கிராட்டில் தண்ணிக்கரை ஓரமாக நடந்து வருகிற வழியில் ஒட்டியிருந்த மணல் பொலபொலவென்று கொட்டியது. பாரிஸ் மண்தான். அக்கா என்னைக் கூப்பிட்டிருக்காவிட்டால் என் காலில் ஒட்டியிருக்காது.

கடதாசியை மடிக்கிறபோது, அடுப்புக்கு மேலே இருந்த போத்தல் கண்ணில் பட்டது. எங்கள் செத்தல். லா சப்பலில் வாங்கியது, நல்ல உறைப்பு, மூடியைத் திறந்தாலே தும்மல் வரும். ஒன்றே ஒன்றைக் கிள்ளி, நுணுக்கி இந்த மண்ணோடு கலந்துவிட்டால் போதும். நாளைக்கு அந்தப் பால்கனியில் கமறும். கமறினால் நான் குற்றவாளி இல்லை. மாமியின் சட்டப்படியே இல்லை. போத்தலைக் கையில் எடுத்தேன். மூடியையும் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியது. அக்காவின் நீல உதடு ஞாபகம் வந்தது. மூடி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். வாசலில் நின்ற அத்தான் இதைப் பார்த்தாரா தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்டு, என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

செவ்வாய் பின்னேரம் பார்லரில் டெலிபோன் அடித்தது. அத்தானின் நம்பர். எடுத்தால் அக்காவின் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"கமறேல்லையடி" என்றாள். "உன்ர மண் போட்டும் கமறேல்லை. எல்லாம் போயிட்டுது. இனி நீ வா."

ஒரு பெண்ணுக்குப் பாதி தலைக்கு மை பூசியிருந்தேன். மிச்சத்தைக் கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். ரயிலில் என் விரல்கள் கறுப்பாக இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

கதவைத் திறந்த அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குள் காய்ந்த திராட்சை வாசம் இன்னும் போகவில்லை. கட்டிலடிக்குப் போனேன். பழக்கதோசத்தில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உன்ர கண்தான்" என்றாள் அக்கா. "நீ வேணுமெண்டு செய்யேல்லை, எனக்குத் தெரியும். சில பேரின்ர கண் அப்பிடித்தான். நான் மனசில ஒண்டும் வைச்சிருக்கேல்லை. நீயும் வைக்காதை."

பாடமாக்கிய வசனம் முழுதும் அப்படியே நாக்கு நுனிக்கு வந்தது. அத்தான் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அக்கா" என்றேன். "என்ர கண்தான்."

அவள் கையை நீட்டி என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். விரல் குச்சி மாதிரி இருந்தது, ஆனால் பிடி பழைய பிடிதான். மற்றக் கையால் கம்பளித் தொப்பியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தாள்.

"இப்ப என்னைப் பார்" என்றாள். "வடிவாப் பார். இனி ஒண்டும் செய்யாது."

பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு சாண் தூரத்தில், என் அக்காவின் முகத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எலும்பும் கண்ணும்தான் மிச்சம். தலையில் குழந்தைக்கு முளைப்பது போல வெள்ளையாகக் கொஞ்சம் மயிர் முளைத்திருந்தது.

"வளருது, என்ன?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா" என்றேன். "வளருது."